தனி வளை – 4: பெயர் சொல்லாத பணக்காரர்

சென்ற வாரம் வால்ட் டிஸ்னியைப் புளோரிடா வானத்தில் விட்டுவிட்டு வந்தோம். நாள், 1963 நவம்பர் 22. விமானத்துக்குக் கீழே இரண்டு நெடுஞ்சாலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. ஒன்று 'ஐ-4'. மற்றது புளோரிடா டர்ன்பைக். சற்றுத் தள்ளி, நடுவில் சின்னத் தீவு வைத்த பே லேக் ஏரி. சுற்றிலும் சதுப்பு, சைப்ரஸ் மரங்கள், மாட்டுப் பண்ணைகள். இடம் இதுதான் என்று வால்ட் மனத்துக்குள் முடிபோட்டுக்கொண்டார். விமானம் நியூ ஆர்லியன்ஸில் இறங்கியபோது ஊரே இடிந்துபோய்க் கிடந்தது. டல்லாஸில் அதிபர் கென்னடியைச் சுட்டுவிட்டார்கள்.

நாடு துக்கம் காத்த அந்த வாரத்தில் ஒருவர் மட்டும் ஓர் ஏரியை நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஏரியை வாங்க வேண்டும். ஏரியோடு, அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாவற்றையும் வாங்க வேண்டும். வாங்குவது யார் என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது.

ஏன் அத்தனை பயம்? அதற்குப் பதில் எட்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு சூட்டில் இருக்கிறது.

ஆரஞ்சுத் தோப்பில் பட்ட சூடு

கலிஃபோர்னியாவின் அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கித்தான் டிஸ்னிலேண்டைக் கட்டினார் வால்ட். திறப்பு விழா 1955 ஜூலை 17. கையிலிருந்த காசு பூங்காவுக்கே சரியாகப் போய்விட்டது. பக்கத்து நிலங்களை வாங்க மிச்சமில்லை.

பூங்காவுக்குக் கூட்டம் வந்தது. கூட்டத்தின் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மதிலுக்கு வெளியே மோட்டல்கள் முளைத்தன. சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. கண்ணைப் பறிக்கும் நியான் பலகைகள் வரிசைகட்டி நின்றன. கனவைக் கட்டியவர் உள்ளே டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்க, ராத்தங்கலுக்கும் ராச்சாப்பாட்டுக்குமான காசை வெளியே இருந்தவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இளவரசி கோட்டை, வெளியே வந்தால் வாடகை அறை விளம்பரம். வால்ட்டுக்குக் காசு போனதைவிட இந்தக் காட்சிதான் அதிகம் உறுத்தியது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. ஓர் எலியின் புண்ணியத்தில் வாழ்ந்த மனிதருக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. அடுத்த முறை வாங்கினால், உள்ளே நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்தவன் பலகை தெரியாத அளவுக்கு வாங்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கல்யாணக் கோஷ்டி படியேறும்போதே புடவைக் கடைக்காரரின் தொனி மாறிவிடும் இல்லையா? வாங்குவது டிஸ்னி என்று ஒரு சொல் கசிந்தாலும் போதும், தவளை கத்தும் சதுப்பு அன்று மாலையே தங்கச் சுரங்கமாகிவிடும்.

எனவே வால்ட்டும், பணப்பெட்டிச் சாவியை வைத்திருந்த அண்ணன் ராயும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பூங்கா கட்டுவது பிறகு. முதலில் ஒரு துப்பறியும் படத்தை நடத்தியாக வேண்டும்.

அந்தப் படத்துக்கு நடிகர்கள் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? நிஜ உளவுத் துறையிலிருந்து!

ஒற்றர் வேலை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்-ஸை உருவாக்கியவர் வில்லியம் டோனோவன். அதுதான் பின்னாளைய சி.ஐ.ஏ-வுக்கு முன்னோடி. டோனோவன் 1959-ல் காலமாகிவிட்டார். ஆனால் நியூ யார்க்கில் அவர் நிறுவிய வக்கீல் அலுவலகம் இருந்தது, டிஸ்னியோடு அதற்குப் பழக்கமும் இருந்தது. அந்த வழியாகக் கிடைத்தவர் மயாமி வக்கீல் பால் ஹெலிவெல். போர்க் காலத்தில் சீனாவில் ஓ.எஸ்.எஸ்-ஸுக்காக வேலை பார்த்தவர். வாயைக் கட்டும் வித்தையை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

டிஸ்னி பக்கத்திலிருந்து களத்தில் இறங்கியவர் கம்பெனியின் வக்கீல் ராபர்ட் ஃபாஸ்டர். அவருடைய முழுப்பெயர் ராபர்ட் பிரைஸ் ஃபாஸ்டர். வாலை நறுக்கிவிட்டு, புளோரிடாவில் அவர் ராபர்ட் பிரைஸ் ஆனார். கேட்டால் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை! லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேர் விமானத்தில் போனால் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று, வேறு வேறு ஊர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனிக்குள்ளேயே விஷயம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்களுக்கு அது 'ப்ராஜெக்ட் ஃப்யூச்சர்'. என்ன ஃப்யூச்சர், யாருடைய ஃப்யூச்சர் என்று கேட்கக் கூடாது.

நிலம் வாங்கப் பினாமி கம்பெனிகள் தயாராயின. லத்தீன்-அமெரிக்கன் டெவலப்மென்ட் அண்டு மேனேஜ்மென்ட், டொமஹாக் பிராப்பர்ட்டீஸ், ரீடி க்ரீக் ராஞ்ச், பே லேக் பிராப்பர்ட்டீஸ், காம்பஸ் ஈஸ்ட். ஒன்றின் பெயர் மட்டும் கொஞ்சம் குறும்பு: அய்ஃபோர் கார்ப்பரேஷன். உரக்கச் சொல்லிப் பாருங்கள். வானத்திலிருந்து வால்ட் பார்த்த அதே நெடுஞ்சாலையின் பெயர்தான், எழுத்தை மட்டும் மாற்றி! ரகசியத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆர்லாண்டோவின் நில புரோக்கர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை போயிற்று. அந்தப் புரோக்கர்களுக்கே கட்சிக்காரர் யார் என்று தெரியாது. மயாமியிலிருந்து ஒருவர் பேசுகிறார், பணம் வருகிறது, பெயர் வரவில்லை. முன்பணம் கொடுத்து, குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் எழுதி வாங்கினார்கள். கிரயப் பத்திரம் பதிவானால்தானே ஊருக்குத் தெரியும்? அதனால் பதிவைத் தள்ளிப்போட்டு, ஒப்பந்தங்களைச் சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டே போனார்கள்.

எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. மிகப்பெரிய துண்டுக்கு வரும்வரை.

மண் ஒருவருக்கு, மண்ணுக்கடியில் இன்னொருவருக்கு

டிமெட்ரி சகோதரர்களிடம் 12,400 ஏக்கருக்கு மேல் இருந்தது. ஆசையாக வாங்கிப்போட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்த சதுப்பு. ஏக்கர் 145 டாலருக்குப் பேசி முடித்தார்கள். விற்றவர்களுக்கு மகிழ்ச்சி, வாங்கியவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சி.

பத்திரத்தைப் புரட்டிய வக்கீல்களுக்கு மட்டும் வியர்த்தது. வில்லங்கம்!

மேலே இருக்கும் மண்தான் டிமெட்ரி சகோதரர்களுடையது. அடியில் கனிமம் ஏதாவது கிடைத்தால் அதை எடுக்கும் உரிமை, ஆயிரம் மைலுக்கு அப்பால் பாஸ்டன் பக்கத்திலிருக்கும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. யோசித்துப் பாருங்கள். கோட்டையும் கொத்தளமும் கட்டி முடித்த பிறகு ஒரு நாள் கடப்பாரையோடு பேராசிரியர்கள் வந்து நின்றால்? சட்டப்படி தோண்டலாம்.

அங்கேயும் ஆள் போனது, அதே பெயரில்லாத கட்சிக்காரருக்காக. பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சதுப்பின் அடியில் புதையல் இருக்கும் என்ற நம்பிக்கை எதுவும் இல்லை. 15,000 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தது. வாங்கியவர் யாரென்று தெரிந்திருந்தால், அந்தத் தொகையில் எத்தனை பூஜ்யம் கூடியிருக்கும்?

அடுத்த பெரிய துண்டு, மாட்டுப் பண்ணையாளரும் மாநில செனட்டருமான ஐர்லோ பிரான்சனுடையது. 8,380 ஏக்கர். அதுவும் படிந்தது. பின்னாளில் அந்தப் பக்கம் போகும் நெடுஞ்சாலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பெரிய முதலைகளைப் பிடித்துவிடலாம். அயிரை மீன்கள்தான் கையில் நழுவும். அந்த நிலத்தின் ஒரு பகுதியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சின்னச் சின்ன மனைகளாகக் கூறுபோட்டுத் தபாலில் விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் அமெரிக்கா முழுக்கச் சிதறிக்கிடந்தார்கள். தங்கள் மனையில் ஒரு முறைகூடக் கால் வைக்காதவர்கள் அவர்களில் உண்டு. வைத்திருந்தால் முழங்கால் வரை முழுகியிருக்கும். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து எழுதி வாங்க வேண்டியிருந்தது.

கடைசிக் கணக்கு இது: ஆரஞ்சு, ஒசியோலா என்ற இரண்டு கவுண்டிகளிலுமாகச் சுமார் 27,400 ஏக்கர். நியூ யார்க்கின் மன்ஹாட்டன் தீவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விலை 50 லட்சம் டாலருக்குச் சற்று மேல். சராசரியாக ஏக்கருக்கு 180 டாலர் சொச்சம். அனஹைமில் 160 ஏக்கரோடு நின்ற மனிதரின் கையில் இப்போது அதைப்போல 170 மடங்கு.

ஆனால் இத்தனையையும் எத்தனை நாள்தான் முந்தானைக்குள் மறைக்க முடியும்? 1965 மே மாதத்தில் பத்திரங்கள் பதிவாகத் தொடங்கின. 'ஆர்லாண்டோ சென்டினல்' நாளிதழ் செய்தியை வெளியிட்டது: யாரோ, எங்கிருந்தோ, எதற்கோ, ஆயிரம் ஆயிரம் ஏக்கராக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

ஊர் விழித்துக்கொண்டது.

ஆளுக்கொரு ஆரூடம்

ஆர்லாண்டோ அப்போது லட்சம் பேர்கூட இல்லாத ஊர். 1960 கணக்கெடுப்பில் 88,135 பேர். ஆரஞ்சும் மாடும்தான் அந்தப் பக்கத்துப் பிழைப்பு. 1962 டிசம்பரில் வந்த கடும் உறைபனி ஆரஞ்சுத் தோப்புகளைக் கருக்கிவிட்டுப் போயிருந்தது. 1950-களில் வந்த மார்ட்டின் ஏவுகணைத் தொழிற்சாலை ஊருக்குச் சம்பளக் காசின் ருசியைக் காட்டியிருந்தது. கிழக்கே ஒரு மணி நேரத் தொலைவில் கேப் கென்னடி. நிலவுக்கு ஆள் அனுப்பும் வேலை அங்கே மும்முரம்.

இப்படிப்பட்ட ஊரில் பெயர் சொல்லாமல் ஒரு பணக்காரர் நிலம் வாங்கினால், ஊர் என்ன நினைக்கும்? எது வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் நினைக்கும்.

ஃபோர்டு கார்த் தொழிற்சாலை வருகிறது என்றார்கள். இல்லை, மெக்டானல் விமானக் கம்பெனி என்றார்கள். போயிங் என்றார்கள். ராக்கெட் சம்பந்தமாக ஏதோ ரகசியம், அதனால்தான் அரசாங்கமே வாயைத் திறக்கவில்லை என்று குரலைத் தாழ்த்தினார்கள். ராக்ஃபெல்லர் என்றார்கள். ஹோவர்டு ஹியூஸ் என்றார்கள். அவர்தான் ஒளிந்து வாழும் கோடீஸ்வரர், பெயர் சொல்லாமல் வாங்கக்கூடியவர் வேறு யார்? முடிதிருத்தும் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கம்பெனி, வங்கி வரிசையில் நின்றால் இன்னொரு கம்பெனி. ஒவ்வொருவருக்கும் 'உள்ளே இருக்கும்' ஓர் ஆள் சொன்னதாக ஒரு கதை.

சென்டினலில் பத்தி எழுதிவந்த சார்லி வாட்ஸ்வொர்த்துக்கு நல்ல அறுவடை. இந்த ஊர்ப் பேச்சுகளையெல்லாம் பொறுக்கி அடுக்கிக்கொண்டே போனார்.

வேடிக்கை என்னவென்றால், டிஸ்னியின் பெயரும் அந்த அடுக்கில் இருந்தது. ஒளித்து வைக்கப்படவில்லை. கார், விமானம், ராக்கெட் என்று பத்துப் பெயர்களுக்கு நடுவே பதினொன்றாக, கூட்டத்தோடு கூட்டமாக நின்றது. ஏவுகணையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு ஓர் எலியை நம்ப மனம் வரவில்லை.

ஹெலிவெல்லின் உளவுப் பயிற்சியும் ஃபாஸ்டரின் நறுக்கிய பெயரும் ஒரு வருடத்துக்கு மேல் காப்பாற்றிய ரகசியத்தை, அடுத்த ஐந்து மாதங்களுக்குக் காப்பாற்றியது வதந்திதான். ஒவ்வொரு தப்பான யூகமும் உண்மையின் மேல் விழுந்த ஒரு போர்வை. ஊரே சேர்ந்து போர்த்திவிட்டது.

அந்தப் போர்வையை விலக்க, ஊரைவிட்டு ஒருத்தி வெளியே போக வேண்டியிருந்தது.

வாளித் தண்ணீர்

எமிலி பவார், சென்டினலின் ஞாயிற்றுக்கிழமை இதழாசிரியர். 1965-ல் டிஸ்னிலேண்டுக்குப் பத்து வயது. அதைக் கொண்டாடப் பல ஊர்ப் பத்திரிகையாளர்களைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்திருந்தார்கள். அக்டோபர் மாதம் நடந்த அந்தப் பயணத்தில் பவாரும் ஒருவர். அழைப்பிதழ் அனுப்பியவர்கள் 'ஆர்லாண்டோ' என்ற ஊர்ப்பெயரைக் கண்டதும் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமோ? விதி யோசிக்க விடவில்லை.

வால்ட் டிஸ்னி எதிரே இருக்கிறார். மற்றவர்கள் மிக்கியைப் பற்றிக் கேட்கலாம், அடுத்த படத்தைப் பற்றிக் கேட்கலாம். பவார் தம் ஊர்ப் பேச்சைக் கேட்டார். ஆர்லாண்டோ பக்கத்தில் யாரோ ஏராளமாக நிலம் வாங்குகிறார்களே, அது நீங்கள்தானா?

முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை வீசியடித்ததுபோல் வால்ட் திகைத்துப்போனார் என்று பவார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

சுதாரித்துக்கொண்டு மறுத்தார் வால்ட். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் புளோரிடா ஏன் சரிப்படாது என்று விளக்கத் தொடங்கினார். அங்கே மழை எப்படி, சுற்றுலாக் கூட்டம் எப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கதை சொல்லிப் பழகிய வாய். ஆதாரத்தோடு சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

பவார் கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பந்தமில்லாத ஒரு ஊரைப் பற்றி இந்த மனிதருக்கு எதற்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது? பெண் வேண்டாம் என்று சொல்ல வந்தவர், அந்தப் பெண்ணின் ஜாதகத்தையே ஒப்பித்தால் என்ன அர்த்தம்?

பவார் எழுதினார். முதலில் செய்தி அடக்கமாகத்தான் வந்தது, யூகம் என்ற அளவில். பிறகு பத்திரிகை துணிந்துவிட்டது. 1965 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை. 'ஆர்லாண்டோ சென்டினல்' தலைப்பில் அறைந்து சொன்னது: மர்மத் தொழிற்சாலை டிஸ்னிதான் என்று நாங்கள் சொல்கிறோம்.

மறுநாளே ஆளுநர் ஹெய்டன் பர்ன்ஸ் ஆமாம் என்று உறுதிசெய்தார்.

அந்தத் திங்கட்கிழமை ஆர்லாண்டோ எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இன்னும் நிலம் வைத்திருந்தவன் வேலியைப் போய்த் தொட்டுப் பார்த்திருப்பான். 180 டாலருக்குச் சதுப்பைத் தள்ளிவிட்டு, ஏமாந்தவன் எவனோ வாங்குகிறான் என்று சிரித்தவன்? மீதி நிலங்களின் விலை அன்றே ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் வால்ட்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதி அதற்குள் கைக்கு வந்திருந்தது.

மேடையில் மூவர்

1965 நவம்பர் 15. ஆர்லாண்டோவின் ஈயோலா ஏரிக்கரையிலுள்ள செர்ரி பிளாசா ஹோட்டல். கேமராக்கள், விளக்குகள், நெருக்கியடித்துக்கொண்டு பத்திரிகையாளர்கள். மேடையில் மூன்று பேர். நடுவில் ஆளுநர் பர்ன்ஸ். இரு பக்கமும் டிஸ்னி சகோதரர்கள்.

ஆளுநர் முகத்தில் லாட்டரி விழுந்த மகிழ்ச்சி. ராய் வழக்கம்போல அளந்து பேசினார். வால்ட்? இன்னொரு டிஸ்னிலேண்டை அப்படியே நகலெடுத்து வைக்கத் தமக்கு விருப்பமில்லை என்றார். நாளைய நகரம் ஒன்றைப் பற்றிப் பேசினார். மனிதர்கள் வாழும் நிஜ நகரம்! கேட்டவர்களுக்கு அது பூங்காவின் இன்னொரு ராட்டினமாகத்தான் தோன்றியிருக்கும். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே யாரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நகரம் என்றால் சாலை வேண்டும், சாக்கடை வேண்டும், கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், வரி வேண்டும். 27,400 ஏக்கருக்குள் அதையெல்லாம் யார் முடிவு செய்வது? ஆரஞ்சு கவுண்டியா, ஒசியோலா கவுண்டியா, ஆளுநரா?

வால்ட் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். நிலம் மட்டும் சொந்தமாக இருந்தால் வளை தனி வளை ஆகிவிடாது. வளைக்குள் செல்லுபடியாகும் சட்டமும் சொந்தமாக இருக்க வேண்டும். அதாவது, ஒரு படக் கம்பெனிக்குத் தனியாக ஓர் அரசாங்கம்!

அப்படியொன்றை எந்த மாநிலமாவது கொடுக்குமா? கொடுத்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள அவர் இருக்கவில்லை.

செர்ரி பிளாசா மேடையில் கேமராக்களைப் பார்த்துச் சிரித்தாரே, அன்றிலிருந்து வால்ட் டிஸ்னிக்கு மிச்சமிருந்தது நாள் பிசகாமல் பதின்மூன்று மாதங்கள்.

(தோண்டுவோம்...)